அம்பு ஒட்டிய இடம்

எங்கள் ஊர் பனியன் கம்பெனிகளில் செக்கிங் வேலை பார்க்கும் பெண்களை வீட்டுக்கு வந்த பிறகும் அடையாளம் கண்டுவிடலாம். புடவை முந்தானையிலோ முழங்கையிலோ சில சமயம் காதோர முடியிலோ ஒரு சிவப்பு அம்பு ஒட்டிக்கொண்டிருக்கும். விரல் நகத்தளவு ஸ்டிக்கர்தான். தைத்து வந்த பனியனை மேசையில் விரித்து, ட்யூப்லைட் வெளிச்சத்தில் உள்ளும் புறமும் திருப்பிப் பார்ப்பார்கள். ஓட்டையோ எண்ணெய்க் கறையோ தையல் விட்டதோ கண்ணில் பட்டால், அந்த இடத்தைக் காட்டி ஓர் அம்பை ஒட்டித் தள்ளிவிட வேண்டியதுதான். சரிசெய்கிறவரிடம் போய் இன்ன இடத்தில் இன்ன பழுது என்று வாய் திறந்து சொல்லும் வேலை கிடையாது. என் அம்மா வீரபாண்டியில் ஒரு கம்பெனியில் இந்த வேலையை நான் பிறப்பதற்கு முன்பிருந்தே பார்த்துவந்தாள்.

உதவித்தொகை கிடைத்து நான் இங்கிலாந்துக்குப் படிக்கப் புறப்பட்டபோது, கடையில் புதிதாக வாங்கிய ஸ்வெட்டரைக்கூட அவள் விடவில்லை. கட்டிலில் விரித்துத் திருப்பிப் பார்த்து, அக்குள் பக்கம் தையல் விட்டிருந்த இடத்தில் ஓர் அம்பை ஒட்டி என் முகத்துக்கு நேரே நீட்டினாள். போயும் போயும் பழுதென்று ஒதுக்கிய ஒரு ஆல்டர் பீஸைத் தேடிப் பிடித்து வாங்கி வந்திருக்கிறாயே என்று கேலி வேறு. பிறகு தானே தைத்துப் பெட்டியில் வைத்தாள்.

நான் சேர்ந்தது பொது சுகாதாரப் பட்டப்படிப்பு. முதல் வருடத்திலேயே புற்றுநோய் சிகிச்சையைப் பற்றியும் நாட்டுக்கு நாடு மருத்துவ ஏற்பாடுகள் எப்படி இருக்கின்றன என்பதைப் பற்றியும் ஒரு பாடம் இருந்தது. நோயாளி முதலில் யாரிடம் போகிறார், அங்கிருந்து எங்கே அனுப்புகிறார்கள், எத்தனை கதவைத் தட்டிய பிறகு சிகிச்சை ஆரம்பிக்கிறது என்று பார்ப்போம். அங்கே குடும்ப மருத்துவருக்குச் சந்தேகம் வந்தால் அவரே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார். காத்திருக்க வைக்கிறார்களே என்று அந்த ஊர்க்காரர்களும் புலம்பத்தான் செய்தார்கள். தாமதங்களைப் பிரித்துப் பிரித்துப் படித்தோம். ஆஸ்பத்திரியில் ஆகும் தாமதம், பரிசோதனையில் ஆகும் தாமதம். இவற்றுக்கெல்லாம் முன்னால் இன்னொன்று உண்டு. தன் உடம்பில் ஏதோ தட்டுப்படுவதற்கும், அதை இன்னொருவரிடம் வாய்விட்டுச் சொல்வதற்கும் நடுவே ஓடிப்போகும் காலம். அதனால், எப்போதிலிருந்து இருக்கிறது என்று கேட்க எங்களைப் பழக்கினார்கள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும், பதிலை நாம் எடுத்துக்கொடுக்கக் கூடாது. எனக்கு அதுதான் வரவே இல்லை. கொஞ்ச நேரம் பேசாமலிருந்தால் தலை வெடித்துவிடும் ரகம் நான்.

வீட்டிலிருக்கும் ஒரு பெண்ணிடம், மார்பைத் தானே தொட்டுப் பரிசோதிப்பதைப் பற்றிப் பேசிவிட்டு வரச் சொன்னார்கள். அம்மாவை வீடியோவில் அழைத்தேன். சாதாரணமாக அவள் பேச ஆரம்பித்தால் குழம்பில் தொடங்கி சூப்பர்வைசர் வரை வந்துதான் நிற்பாள். அன்று நான் விஷயத்தை ஆரம்பித்ததும் கம்பெனி வண்டி வந்துவிட்டது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள். அன்று ஞாயிற்றுக்கிழமை.

அடுத்தடுத்துக் கூப்பிட்டேன். சமையல் ஆகிறது என்றாள், தண்ணீர் வருகிறது என்றாள், ஷிப்மென்ட் நெருக்கடி என்றாள். விடாமல் நச்சரித்ததில், முகத்தைக் காட்டாமல் போனை ஜன்னல் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு சொன்னாள்.

"சின்னதா கட்டியாட்டம் என்னமோ இருக்குது கண்ணு. போன வாரந்தான் கையில தட்டுப்பட்டுது. வலியெல்லாம் ஒண்ணுமில்ல."

போன வாரம் என்ற சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். வந்த புதிதிலேயே பார்த்துவிட்டால் பிழைக்க வைத்துவிடலாம் என்று படித்திருந்தேன். எல்லாக் கட்டியும் புற்றுநோய் இல்லை என்றும் படித்திருந்தேன். நாளைக்கே டாக்டரிடம் போ என்றேன். அவளும் போனாள். தெருமுனை கிளினிக்கில் இருந்த ஆண் டாக்டரிடம், "நெஞ்சுல ஒரு மாதிரியா இருக்குதுங்க" என்று சொல்லியிருக்கிறாள். எங்கள் வீட்டில் மார்பு என்ற சொல்லை யாரும் எடுக்க மாட்டார்கள். எல்லாம் நெஞ்சுதான். அவர் பாவம், நெஞ்சு என்றதும் இதயம் என்று நினைத்து ஈசிஜி எடுத்துப் பார்த்து, எல்லாம் நன்றாக இருக்கிறது என்று கேஸ் மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார். இவளும் நல்ல சேதி போல அதை எனக்குப் போன் செய்து சொன்னாள்.

நான் கத்திய கத்தலில் அறைத்தோழி பயந்துபோய்க் கதவைத் திறந்து பார்த்தாள். இடத்தைக் காட்ட வேண்டியதுதானே என்றேன். ஆம்பிளை டாக்டரிடம் என்னவென்று காட்டச் சொல்கிறாய் என்றாள். அப்பாவைப் பிடித்தேன். நிட்டிங் மெஷினில் ஷிப்ட் ஓட்டுகிற அவர், பெண்கள் சமாச்சாரத்தில் தான் எப்படித் தலையிடுவது என்று போனை மறுபடி அம்மாவிடமே கொடுத்துவிட்டார். இருவர் மீதும் ஆத்திரமாக வந்தது. ஊரெல்லாம் எப்படிச் சிகிச்சைக்கு வந்து சேர்கிறது என்று நான் பக்கம் பக்கமாக எழுதுகிறேன், என் வீட்டில் ஒருத்தியை ஒரு டாக்டரின் முன்னால் ஜாக்கெட்டைக் கழற்ற வைக்க முடியவில்லை. விடுமுறை வரும்வரை சரியாகத் தூங்கவில்லை. விட்டதும் விமானம் ஏறினேன்.

வந்த மறுநாளே கோயம்புத்தூரில் ஒரு புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு மூவரும் போனோம். பெண் டாக்டர் இருப்பார் என்று விசாரித்துத்தான் கூட்டிப்போயிருந்தேன். அவர் அன்று விடுப்பு. ஆண் டாக்டர்தான் பார்ப்பார் என்று சொன்னதும் அம்மா பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். இன்னொரு நாள் வரலாம் என்றாள். அப்பாவும் கூடவே எழுந்தார். நான் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன். பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இருந்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து பாத்ரூம் போய் வருவதாகச் சொன்னாள். பையையும் எடுத்துக்கொண்டு போனாள். போனவள் வரவே இல்லை. அப்படியே வெளியேறி பஸ் ஏறிவிட்டாளோ என்று வாசலுக்கும் பாத்ரூமுக்குமாக நடந்தேன். வந்தபோது முகம் கழுவியிருந்தாள். பெயரைக் கூப்பிட்டார்கள். நானும் எழுந்தேன்.

"நீ வெளிய இரு கண்ணு. நான் போயிக்கறேன்."

கூட வருகிறேன் என்றேன், கெஞ்சினேன். கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள். உள்ளே என்ன நடக்கும் என்று எனக்கு மனப்பாடமாகத் தெரியும். என்னம்மா தொந்தரவு என்று அவர் கேட்பார். ஒண்ணுமில்லீங்க என்பாள். கும்பிட்டுவிட்டு எழுந்து வந்துவிடுவாள். அதோடு அவளை இன்னொரு முறை இந்தப் படி ஏற வைக்க முடியாது. அப்பா எதிர்ச் சுவரில் இருந்த காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். கதவைத் தள்ளிவிடலாமா என்று கைப்பிடியில் கை வைத்தபோது அது உள்ளிருந்து திறந்தது. நர்ஸ் நின்றிருந்தார்.

"நீங்க பொண்ணுங்களா? அம்மா வாயே தொறக்க மாட்டீங்கறாங்க. ஆனா ரெண்டு எடத்துல ஸ்டிக்கர் ஒட்டிருக்குதுங்க. நீங்க ஒட்டி உட்டீங்களா?"

திரைக்குப் பின்னால் அம்மா மேற்கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தாள். இடது மார்பின் ஓரத்தில் ஒரு சிவப்பு அம்பு. அதை நான் எதிர்பார்க்கவில்லை என்றாலும் பார்த்ததும் புரிந்தது. வாயால் சொல்ல முடியாததைத் தனக்குத் தெரிந்த வழியில் சொல்லியிருக்கிறாள். இரண்டாவது அம்பைத் தேட வேண்டியிருந்தது. அது அக்குளுக்குள் இருந்தது. அதைப் பற்றி அவள் என்னிடம் மூச்சே விட்டதில்லை. கட்டி அக்குள் வரை போயிருந்தால் நோய் பரவ ஆரம்பித்துவிட்டது என்று நான் படித்திருக்கிறேன். கட்டிலைப் பிடித்துக்கொண்டேன்.

டாக்டர் அந்த அம்புகளைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அவை காட்டிய இடங்களை மட்டும் அழுத்திப் பார்த்தார், கையைக் கழுவினார். பிறகு நான் வகுப்பில் பழகிய அதே கேள்வியைக் கேட்டார். எப்போதிலிருந்து இருக்கிறது?

சில வாரமாகத்தான் என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். பதிலை எடுத்துக்கொடுக்கக் கூடாது என்றது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவரும் காத்திருந்தார். அம்மா என்னைப் பார்த்தாள், பிறகு சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"இவ அந்தூருக்குப் போறதுக்கு முன்னாலருந்தே இருக்குதுங்க."

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. ஸ்வெட்டரின் அக்குளில் அம்பு ஒட்டி என்னைக் கேலி செய்த அன்றே இது இருந்திருக்கிறது. விமான நிலையத்தில் கட்டிப்பிடித்தபோது இருந்திருக்கிறது. வகுப்பில் நான் முதல் தாமதத்தைப் பற்றி எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியபோதும் அது இங்கே வளர்ந்துகொண்டிருந்திருக்கிறது. போன வாரம் என்ற ஒரு பொய்யை வைத்துக்கொண்டு என்ன கணக்கெல்லாம் போட்டேன். அவளை உலுக்க வேண்டும் போல இருந்தது. உலுக்கவில்லை. ஜாக்கெட்டின் கொக்கிகளை மாட்டிவிட்டேன்.

சதை எடுத்துச் சோதித்ததில் புற்றுநோய் என்றே வந்தது. அக்குளிலும் இருந்தது. முதலில் மருந்து ஏற்றிக் கட்டியைச் சுருக்கிவிட்டு, பிறகு ஆபரேஷன் என்றார்கள். நடுவே தாமதம் இல்லாமல் பார்த்தால் நம்பிக்கை இருக்கிறது என்றார் டாக்டர். கல்லூரிக்கு எழுதி, படிப்பை நிறுத்திவைத்துவிட்டு வீட்டிலேயே இருந்தேன். அந்தக் கோபத்தில் அம்மா என்னிடம் சரியாகவே பேசவில்லை.

முதல் முறை மருந்து ஏற்றிய அன்று நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள். கையில் ஊசி குத்தியிருந்தது. நான் அதுவரை அடக்கிவைத்திருந்ததைக் கேட்டேன். அப்போதே ஏன் சொல்லவில்லை? கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன். மருந்து சொட்டுச் சொட்டாக இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். தூங்கிவிட்டாள் என்று நினைத்தபோது, கண்ணைத் திறக்காமலே பேசினாள்.

"சொல்லிருந்தா நீ போயிருப்பியா கண்ணு?"

போயிருக்க மாட்டேன். அது அவளுக்கும் தெரியும். போர்வை நழுவியிருந்தது, அதை எடுத்து அவள் தோள்வரை போர்த்திவிட்டேன்.