கேட்பதற்கு முன்னால் சொல்லிவிடுகிறவள்

அக்கா ஓட்டியது பள்ளிக்கூட வேன். வழியில் டயர் பஞ்சரானால் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் முதலில் ஒரு குரல் செய்தி போடுவாள். "டிரைவரக்கா பேசறேன். வண்டி வரக் கொஞ்சம் நேரமாகும். பிள்ளைங்க நல்லா இருக்காங்க, யாரும் பதறாதீங்க." அதன் பிறகுதான் ஜாக்கியைத் தேடுவாள்.

"அவங்க கேக்கறதுக்கு முன்னாடி நாம சொல்லிடணும்டி. கேட்டப்புறம் சொன்னா அதுக்குப் பேரு சமாளிப்பு" என்பாள்.

மாமா இறந்தபின் வெகுகாலம் அவள் தனியாகவே இருந்தாள். பிறகு போனில் ஒருவன் பழக்கமானான். மாதக்கணக்கில், தினமும் "சாப்பிட்டியா?" என்று கேட்டான். அவளை யாரும் அப்படிக் கேட்டு நாளாகியிருந்தது. அவன் கேட்டானென்று தன் அந்தரங்கப் படங்கள் சிலவற்றை அனுப்பினாள். பிறந்தநாளுக்குப் பெற்றோர் குழுவில் குவிந்த வாழ்த்துகளையும் பெருமையாக ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினாள். அதில் அவர்களுடைய நம்பர்கள் இருந்தன.

ஒரு மத்தியானம் எல்லாம் அவளுக்கே திரும்பி வந்தன. பணம் அனுப்பாவிட்டால் படங்கள் ஒவ்வொரு வீட்டுக்கும் போகும் என்று கீழே எழுதியிருந்தான். அப்படிப் போனால் யார் தங்கள் பிள்ளையை வேனில் ஏற்றிவிடுவார்கள்? அந்த வண்டிதான் அவள் பிழைப்பு. அந்தப் பிள்ளைகளின் இரைச்சல்தான் அவளுக்கு வீடு.

அன்று சமையலறையில் நாங்கள் மூன்று பேர். அம்மா கதவைச் சாத்தினாள்.

"கேட்டதைக் குடுத்துத் தொலைடி. போன்ல இருக்கற எல்லாத்தையும் அழிச்சுடு."

"அழிச்சுட்டா போலீஸ்ல எதைம்மா காட்டறது? குடுத்தா மட்டும் விட்டுடுவானா? மாசாமாசம் வந்து நிப்பான். நான் என்ன பென்ஷன் ஆபீஸா?"

"போலீஸா! இந்த வயசுல உனக்கு இதெல்லாம் தேவையா?"

"இந்த வயசுலதாம்மா. சின்ன வயசுல எனக்கு எங்க நேரம் இருந்துச்சு?"

அம்மா அழுதுகொண்டே சிரித்துவிட்டாள். அக்கா சிரிக்கவில்லை. அவன் எழுதியதையெல்லாம் ஒன்றுவிடாமல் சேமித்தாள். அவனுக்குப் பதில் போடுவதை நிறுத்தினாள். முகம் கழுவிக்கொண்டு வந்து, "கிளம்பு" என்றாள் என்னிடம்.

சைபர் பிரிவில் இருந்த அதிகாரி படங்களைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "ஏம்மா, இதையெல்லாம் எதுக்கு அனுப்புனீங்க?"

"அனுப்புனது என் இஷ்டம் சார். மிரட்டறதுதான் குத்தம். அதை எழுதிக்குங்க."

அவர் பேனாவைத் திறந்து எழுதினார்.

வெளியே வந்ததும் வேனில் ஏறி உட்கார்ந்து, கையில் போனை வைத்துக்கொண்டு கண்ணாடி வழியே ரோட்டையே பார்த்தாள். பிறகு குழுவைத் திறந்து பொத்தானை அழுத்தினாள். குரல் நடுங்கவில்லை.

"டிரைவரக்கா பேசறேன். ஒருத்தன் என் படத்தை வெச்சுக்கிட்டு மிரட்டறான். உங்களுக்கும் அனுப்பலாம். அது நான்தான், இல்லேன்னு சொல்ல மாட்டேன். தயவுசெஞ்சு திறக்காதீங்க, யாருக்கும் அனுப்பாதீங்க. எந்த நம்பர்ல இருந்து வந்துச்சுன்னு மட்டும் சொல்லுங்க. போலீஸ்ல புகார் குடுத்தாச்சு. நாளைக்கு வண்டி வழக்கமான நேரத்துக்கு வரும்."

குழுவில் ஒருவரும் பதில் போடவில்லை. மறுநாள் நானும் முன் சீட்டில் ஏறிக்கொண்டேன். முதல் நிறுத்தத்தில் இரட்டைச் சிறுமிகள் எப்போதும்போல ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போட்டுக்கொண்டே ஏறினார்கள். அவர்களுடைய அம்மா அக்காவின் ஜன்னலருகே வந்தாள்.

"எனக்கு வந்துச்சுக்கா. திறக்கல. நம்பரை எடுத்து வெச்சிருக்கேன். போலீஸ்ல கூப்பிட்டா நானும் வர்றேன்."

அக்கா தலையாட்டினாள். கியர் போடும்போது இரண்டு முறை கை தவறியது.

அடுத்த வீட்டில் ஒருவர் கண்ணைப் பார்க்காமல் பிள்ளையின் பையை நீட்டினார். இன்னொரு வீட்டில் வழக்கத்துக்கு மேல் பேசினார்கள். பச்சை கேட் போட்ட வீடு மட்டும் பூட்டியிருந்தது. அக்கா ஒரு முறை ஹாரன் அடித்தாள். காத்திருந்தாள். மாடித் திரை அசைந்து அடங்கியது. வண்டியை எடுத்தாள்.

அந்த வீட்டுப் பையன் பிறகு வரவேயில்லை. மற்றவர்கள் வந்தார்கள். மிரட்டியவனுடைய கணக்கை முடக்கிவிட்டதாகப் போலீஸ் சொன்னது. ஆளைப் பிடித்தார்களா என்று அவளுக்குக் கடைசிவரை தெரியாது.

"அந்தப் பச்சை கேட் வீட்டுத் தெரு வழியா போகாதேடி, சுத்திப் போ" என்று அம்மா பலநாள் கெஞ்சினாள்.

"ரோடு என்ன அவங்க அப்பன் வீட்டு ரோடாம்மா?"

அதற்குச் சில வருஷம் கழித்து, சென்ற மாதம் நடுராத்திரி வந்த நெஞ்சுவலியில், ஆஸ்பத்திரியில் அவள் மூச்சு அடங்கியதும் அவளுடைய போனை எடுத்தேன். விடியப் போகிறது, பிள்ளைகள் பையோடு வாசலில் வந்து நின்றுவிடுவார்கள். பதறாமல் பேசவேண்டும் என்று முடிவு செய்துகொண்டு, குழுவைத் திறந்து பொத்தானை அழுத்தினேன்.

"டிரைவரக்காவோட தங்கச்சி பேசறேன். இன்னைக்கு வண்டி வராது."