கொடி பிடிச்ச ஏழுமலை

டெலிபோன் ஆபீஸ்ல சங்கச் செயலாளரா இருக்கிறதுன்னா மேல இருக்கிறவங்ககிட்டயும் திட்டு, யாருக்காகப் பேசுறோமோ அவங்ககிட்டயும் திட்டு. ஏதோ ஒரு சங்கத்துல மாட்டிக்கினு முழிக்கிற உங்களுக்கு நான் சொல்லியா தெரியணும்?

பதில் கோஷம்

திண்டிவனம் எக்ஸ்சேஞ்சுல கேட் மீட்டிங்னா முன்னெல்லாம் ரோடே அடைச்சிக்கும். விருப்ப ஓய்வுல எல்லாரும் கெளம்பின பிறகு எங்க சங்கத்துல நான் ஒருத்தி, எதிர் சங்கத்துல தனசேகர் அண்ணன் ஒருத்தர். மிச்சமெல்லாம் கான்ட்ராக்ட் ஆளுங்க. அண்ணன் எங்கிட்ட முகம் குடுத்தே பேச மாட்டாரு. ஒருநாள் கேட்டு வாசல்ல நின்னு "தொழிலாளர் ஒற்றுமை"ன்னு நான் தனியா கத்திக்கினு இருந்தேன். டிபன் பாக்ஸோட வெளிய வந்தவரு "ஓங்குக"ன்னாரு. எனக்குக் கண்ணே கலங்கிப் போச்சி. "ரொம்ப சந்தோஷப்படாதம்மா, நீ கத்துற கத்துல சோறு எறங்கல, ஜல்தி முடி"ன்னாரு.

ஸ்ட்ரைக்

கேபிள் வேலை பார்க்கிற கான்ட்ராக்ட் ஆளு ஏழுமலை, பயந்துக்கினேதான் எங்க சங்கத்துல சேர்ந்தான். ஸ்ட்ரைக் அன்னிக்கு அவன் கையில கொடியைக் குடுத்து கேட்டுல நிக்க வெச்சேன். யாரோ போட்டோ புடிச்சி கான்ட்ராக்டருக்கு அனுப்பிட்டாங்க. அது தெரியாம நாங்க உக்காந்திருந்தோம். பிரம்மதேசத்துல இருந்து ஒரு வாத்தியார், நெட் வரலைன்னு வந்தாரு. இன்னிக்கு ஸ்ட்ரைக்குங்க சார்னேன். என்னை ஏற எறங்கப் பார்த்தாரு. "நேத்தும் இப்பிடித்தானம்மா இருந்துச்சி, நேத்து என்ன ஸ்ட்ரைக்கு?"

விழுப்புரத்துக்கு

மறுநாள் கான்ட்ராக்டர் ஏழுமலையை "இனிமே வராத"ன்னுட்டாரு. கைக்குழந்தைக்காரன். பொண்டாட்டி அடுத்தவங்க கொல்லையில கூலிக்கு மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, புடுங்கப் போறவ. தனசேகர் அண்ணனே "கெளம்பும்மா"ன்னாரு. ரெண்டு பேரும் ஒரே பஸ்ல விழுப்புரம் பெரிய ஆபீசுக்குப் போயி, ஆபீசர் ரூம் வாசல்ல உக்காந்துட்டோம். கான்ட்ராக்ட் ஆளுக்கு நாங்க பொறுப்பில்லன்னாரு ஆபீசர். நாங்க எழுந்திருக்கல. சாயந்திரமா, கான்ட்ராக்டருக்குப் போன் போட்டுக்கினே சொன்னாரு: "நானும் சங்கத்துல இருந்தவன்தான், நீங்க எழுந்திருக்க மாட்டீங்கன்னு எனக்குத் தெரியும்."

ஏழுமலை வந்தான்

ஏழுமலைக்கு வேலை திரும்பக் கெடைச்சிது. நானும் அண்ணனும் டீக்கடையில ஊரையே ஜெயிச்ச மாதிரி உக்காந்திருந்தோம். ஏழுமலை வந்தான், ஆளு இளைச்சிப் போயிருந்தான். கான்ட்ராக்டர் என்னப்பா சொன்னாருன்னு கேட்டேன். தலையைக் குனிஞ்சிக்கினான். "உங்களாலதான் வேலை கெடைச்சிது, சாகுற வரைக்கும் மறக்க மாட்டேங்க்கா, சங்கத்துல இருந்து மட்டும் என் பேரை எடுத்துடுங்க."

ஆக, தோழர்களே, ரெண்டு சங்கமும் ஒண்ணா நின்னு ஜெயிச்ச ஒரே போராட்டத்துல, சேர்ந்திருந்த ஒரே ஆளும் போயிட்டான்.