வாயில்லாப் பெட்டி

ரேடியோ ஸ்கேனருக்குக் காது மட்டும்தான். வாய் கிடையாது. அதில் மைக் இல்லை, அழுத்திப் பேசுகிற பொத்தானும் இல்லை. காற்றில் போகிற பேச்சைப் பிடித்துக் கொடுக்கும், அவ்வளவுதான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கதையைக் கேட்டவர்கள் எல்லோரும் இதைத்தான் திருப்பித் திருப்பிக் கேட்கிறார்கள். நானே மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டேன். நீங்கள் நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. நடந்தது நடந்ததுதான்.

எங்கள் அடுக்களை ஜன்னலுக்கு எதிரே கடற்படைத் தளம். நடுவில் அரை மைல் தண்ணீர். நீர்மூழ்கிகளைத் துறைக்குள் கொண்டுவரும் ‘லூசில்’ என்ற இழுவைப் படகில் பதினாறு வருஷம் கயிறு பிடித்தவன் நான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் கயிறு அறுந்தது. இறுகின கயிறு அறுந்தால் சாட்டை மாதிரி திரும்பி வரும். என் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தது. பக்கத்தில் நின்ற ஹாய்ட்டை மொத்தமாக எடுத்தது.

அன்று கயிற்றைச் சுற்றி இழுக்கிற வின்ச்சைப் பிடித்திருந்தவன் டூயி. என் மனைவி லோர்னாவின் ஒரே தம்பி. கயிற்றைத் தளர்த்த அவன் பிந்திவிட்டான் என்பது என் கட்சி. நாங்கள் நிற்கக் கூடாத இடத்தில் நின்றோம் என்பது அவன் கட்சி. விசாரணையில் அவன் கட்சி ஜெயித்தது.

ஹாய்ட்டின் பெண்டாட்டி ஊரைக் காலி பண்ணும்போது அவனுடைய ஸ்கேனரை என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். ஒற்றைக் காலோடு வேறென்ன செய்ய? கேட்க ஆரம்பித்தேன். தளத்துக்காரர்களின் பேச்சு வெளியாட்களுக்குப் புரியாதபடி பூட்டிய பேச்சு. எண்ணெயில் எதையோ பொரிப்பது மாதிரி இரைச்சல்தான் வரும். இழுவைப் படகுகளின் பேச்சு திறந்தது, எல்லோரும் கேட்கலாம். ஸ்கேனர் கேட்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. பெட்டியோடு பேசுவோம். திட்டுவோம், புத்தி சொல்வோம். அந்தப் பக்கம் கேட்காது என்கிற தைரியம்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு டூயி வருவான். அக்காவுக்காக.

“என்ன மச்சான், நேவி இந்த வாரம் உன்கிட்ட என்ன யோசனை கேட்டுச்சு?”

“உன்ன எப்பத் தண்ணில தள்ளலாம்னு கேட்டுச்சு.”

லோர்னா பாத்திரத்தை ஓங்கி வைப்பாள்.

அந்தத் திங்கட்கிழமை காலை 9.40. லூசிலின் கேப்டன் ஹால்வர் பெட்டிக்குள் டூயியிடம் முன்கயிற்றை வாங்கச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் காபியோடு உட்கார்ந்து முனகினேன். “இதையாவது நேரத்துக்குப் புடிடா.”

“யாருய்யா அது?” என்றான் டூயி.

“யாரும் பேசலயே,” என்றார் ஹால்வர்.

தற்செயல் என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் பெட்டியருகே குனிந்து மெதுவாக, “டூயி...” என்றேன்.

“எவன்டா அது பேரச் சொல்றவன்? தைரியம் இருந்தா முன்னால வா.”

அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. இரண்டு வருஷமாக என் கத்தல் எதுவும் உறைக்காத ஒருவனுக்கு என் முனகல் உறைத்தது. இனித்தது எனக்கு. புதன்கிழமைக்குள் அவன் குரல் உடைய ஆரம்பித்தது.

வியாழக்கிழமை. அடுப்பில் கெட்டில் விசிலடித்தது. நான் பெட்டியில் வாயை வைத்துச் சொன்னேன்.

“டூயி. கயித்துக்கு நேரா வந்து நில்லு. அசையாம நில்லு.”

டூயியிடமிருந்து சத்தமே இல்லை. லோர்னா உள்ளே வந்தாள். “வெர்லின், யார்கிட்ட பேசுற?”

“யார்கிட்டயும் இல்ல.”

அவள் அடுப்பை அணைத்தாள். விசில் நின்றது. அப்போது அந்தப் பொரிகிற இரைச்சலுக்கு அடியிலிருந்து ஒரு குரல்...

“ரோ...ஜர்.”

ஹாய்ட் அப்படித்தான் இழுப்பான். படகில் ரோஜர் என்றால், உத்தரவு வந்து சேர்ந்தது, இனி வேலை நடக்கும் என்று அர்த்தம்.

பிளக்கைப் பிடுங்கினேன். சிவப்பு விளக்கு அணையவில்லை. கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு... அணைந்தது.

சாயங்காலம் டூயிக்கு போன் போட்டு, நாளைக்கு வேலைக்குப் போகாதே என்றேன்.

“எதுக்கு? என் இடம் வேணுமா? ஒத்தக் கால வச்சுக்கிட்டு என்ன கிழிக்கப் போற?”

போனை வைத்துவிட்டான்.

வெள்ளி காலை மூடுபனி. தளம் தெரியவில்லை, தண்ணீரும் தெரியவில்லை. பிளக் தரையில் கிடந்தது.

8.12. சிவப்பு விளக்கு எரிந்தது.

பேச்சில்லை. ஒரு முனகல் மட்டும். மெல்லியதாக... ஏறிக்கொண்டே போகிற முனகல். அது மனுஷ முனகல் இல்லை. இறுகுகிற கயிறு. அதை நான் ஒரு தடவை கேட்டிருக்கிறேன்.

பொய்க்கால் மாட்ட நேரமில்லை. எழுந்தேன். விழுந்தேன். தரையில் கிடந்தபடியே கத்தினேன்.

“டூயி, பின்னால போ! பின்னால போடா!”

லோர்னா ஓடி வந்து என்னைப் பிடித்தாள்.

முனகல் ஏறியது.

“சரி...” என்றான் டூயி. சின்னப் பையன் மாதிரி. “நிக்கிறேன்.”

படார்.

பெட்டிக்குள் முதலில்.

இரண்டு நொடி கழித்து, தண்ணீரைத் தாண்டி... ஜன்னல் வழியாக.

அடக்கம் முடிந்த மறுநாள் ஹால்வர் வந்தார். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. படகின் மேலறையில் எல்லாப் பேச்சும் பதிவாகும். அதைத் தன் போனில் கொண்டுவந்திருந்தார்.

“எங்க சேனல்ல நீ எப்படிய்யா பேசின?”

போட்டார். கயிற்றின் முனகல். அதன் மேல் என் குரல். ‘டூயி. கயித்துக்கு நேரா வந்து நில்லு. அசையாம நில்லு.’

நான் கத்தினது அதில் இல்லவே இல்லை.

லோர்னா என் கையைப் பிடித்துக்கொண்டாள். “பொய். பின்னால போன்னுதான் கத்துனாரு. நான் பக்கத்துலயே இருந்தேன்.”

ஹால்வர் சத்தத்தைக் கூட்டி மறுபடி போட்டார்.

என் குரலுக்குப் பின்னால் விசில் அடித்தது. கெட்டில் விசில். வெள்ளிக்கிழமை காலை நாங்கள் அடுப்பே பற்றவைக்கவில்லை.

பிறகு காலடிச் சத்தம். பிறகு போனுக்குள்ளிருந்து, லோர்னாவின் குரல்.

‘வெர்லின், யார்கிட்ட பேசுற?’

லோர்னா என் கையை விட்டாள்.