பாக்கியம் அக்காவும் என் கொப்புளமும்

தையல்காரியிடம் எந்தப் பெண்ணும் இன்றைய உடம்பைக் கொண்டு வருவதில்லை. பத்து வருஷத்துக்கு முன்னால் சரியாக இருந்த ஒரு ரவிக்கையை அளவுக்கு என்று கொண்டு வந்து, இதே மாதிரி வேண்டும் என்பாள். உடம்பு இப்போது எங்கே போயிருக்கிறது என்று நாம் கண்ணாலேயே அளந்து, வாயைத் திறக்காமல் தைத்துக் கொடுக்க வேண்டும். மிஷின் வைத்திருக்கும் சகோதரிகளுக்கு இதெல்லாம் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நான் சொல்ல வந்தது என் சொந்த உடம்பைப் பற்றி. எனக்கு வயது அறுபத்தொன்று. முதல் கணவர் வேலு, செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டியவர், இறந்து பதினெட்டு வருஷம் ஆகிறது. அதன் பிறகு ராசா என்ற ஊரில் தனியாகத் தைத்துப் பிழைத்தேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால், மனைவியை இழந்த ஒருவரை அங்கேயே கோயிலில் பத்துப் பேர் பார்க்கக் கட்டிக்கொண்டேன். எஸ்டேட் ஆபீசில் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஊர் இன்னும் அவரைக் கிராணி என்றுதான் கூப்பிடுகிறது. எஸ்டேட் ஓரத்துத் தாமானில், வரிசை வீடுகளில் ஒன்று அவருடையது. நான் ரவிக்கை தைப்பேன், அவர் ஊக்கு தைப்பார்.

ஹாலில் அவருடைய முதல் மனைவி பாக்கியத்தின் படம், மாலையோடும் ஒரு சின்னச் சிவப்பு பல்போடும். பிளக் அந்தச் சுவரில் மட்டும் இருப்பதால் என் மிஷினும் அதற்குக் கீழேதான். வருகிற பெண்கள் எல்லோரும் முதலில் படத்தைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு, அப்புறம்தான் என்னைப் பார்ப்பார்கள். பொறாமையாகத்தான் இருந்தது. நேராகவே சொல்லிவிடுகிறேன்.

உட்கார முடியாத தையல்காரி

தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது மேசையில் நாற்பது ரவிக்கைக்கு மேல் வெட்டிக் கிடந்தன. சரியாகத் தூங்காமல் மூன்று நாள் தைத்தேன். நான்காம் நாள் காலை மிஷின் முன்னால் உட்கார்ந்தவள், அடுப்பில் உட்கார்ந்த மாதிரி எழுந்துவிட்டேன். வெளியே சொல்ல முடியாத இடம். குளியலறையில் கைக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் சின்னச் சின்னக் கொப்புளங்கள், கொத்தாக. சிறுநீர் போகும்போது கண்ணில் தண்ணீர் வந்தது. லேசாகக் காய்ச்சலும் அடித்தது.

நின்றுகொண்டே கைத்தையல் போட்டுக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டு லெட்சுமி அக்கா ரவிக்கை வாங்க வந்தாள். எழுபது வயது, பாக்கியத்தின் உயிர்த்தோழி. நான் நிற்பதைப் பார்த்தாள், நாற்காலியைப் பார்த்தாள், வழக்கம்போல் படத்தையும் ஒரு தடவை பார்த்தாள். "மூலம்னா சொல்ல வேண்டியதுதானே தங்கச்சி, இதுல என்னா வெட்கம்? பாக்கியத்துக்கும் இருந்துச்சு, ஆனா அவ ஒரு நாளுகூட மொகத்தைச் சுளிச்சதில்லலா."

சிங்கம் உட்காரும் இடம்

மூலத்தில்கூட அவள் என்னைவிடக் கெட்டிக்காரி என்றதும் எனக்குப் பொறுக்கவில்லை. "மூலம் இல்லக்கா, அக்கி" என்று சொல்லி வைத்தேன். முழுப் பொய்யும் இல்லை. கொத்தாகக் கொப்புளம் வந்தால் நம்மவர்களுக்கு எல்லாமே அக்கிதான். சொன்ன பிறகுதான் அக்கிக்கு நம்மவர்கள் செய்கிற வைத்தியம் நினைவுக்கு வந்தது.

மறுநாள் மத்தியானம் லெட்சுமி அக்கா ஒரு பெரியவரை அழைத்து வந்துவிட்டாள். மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு, சிரட்டையில் காவி குழைத்து, தூரிகையோடு வந்து பாயில் உட்கார்ந்தார். கொப்புளத்தின் மேல் சிங்கம் வரைந்தால் மூன்று நாளில் இறங்கிவிடுமாம். பாக்கியத்துக்கு ஒரு தடவை முதுகில் வரைந்தாராம், உயிரோடு எழுந்து வருகிற மாதிரி அமைந்ததாம். நான் துண்டை இழுத்துப் பிடித்துக்கொண்டு, தொடையில் என்றேன், இல்லை கொஞ்சம் மேலே என்றேன். பெரியவர் தூரிகையைத் தூக்கியபடி பொறுமையாகக் கேட்டார்: "எடத்தைச் சொன்னாத்தானேம்மா சிங்கத்தை எங்க உட்கார வைக்கறதுன்னு தெரியும்?"

அளவு எடுத்த டாக்டர்

பெரியவரை ஏதோ சாக்குச் சொல்லி அனுப்பிவிட்டு, மறுநாள் கிளினிக்குக்குப் போனேன். அங்கே திரையை இழுத்துவிட்டு உள்ளே வந்த டாக்டர் யார் என்று பார்த்தால், என் வாடிக்கைக்காரப் பெண்! தீபாவளி முடிந்ததும் அவளுக்குக் கல்யாணம். விருந்துக்குப் போடுகிற ரவிக்கை என்னிடம்தான் இருந்தது. போன வாரம் கையைத் தூக்கு, மூச்சை விடு என்று நான் அவளிடம் சொன்னேன். இப்போது அவள் என்னிடம் சொன்னாள். பஞ்சுக் குச்சியால் தொட்டு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு, ஹெர்ப்பீஸ் மாதிரி இருக்கிறது என்றாள். உடலுறவால் வருவது. உடம்புக்குள் சத்தமில்லாமல் பல வருஷம் கிடந்துவிட்டு, உடம்பு அசந்த நேரத்தில் எழும்பலாம். திரும்பவும் வரலாம், குறுகுறுப்பு ஆரம்பித்தவுடனே மாத்திரை போட்டுவிட்டால் லேசாகப் போய்விடும். ஆறும்வரை கணவரோடு சேரக் கூடாது, ஆறிய பிறகும் உறை போட்டுக்கொள்வது நல்லது. துணியாலோ தட்டாலோ ஒட்டாது.

பல வருஷம் கிடக்கும் என்றது காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. ஏறியது ஒன்றுதான். வேலு போய்ப் பதினெட்டு வருஷம். அப்புறம் என்னைத் தொட்டது கிராணி ஒருவர்தான். அவரைத் தொட்டது பாக்கியம் ஒருத்திதான். வீட்டை வைத்துவிட்டுப் போனாள், பேரை வைத்துவிட்டுப் போனாள், இதையும் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். எனக்குக் கோபம் வந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அதைவிட அதிகமாகச் சந்தோஷம் வந்தது. அந்தப் பத்தரை மாற்றுத் தங்கத்தின் மேல் கடைசியில் எனக்கு ஒரு கறை கிடைத்துவிட்டது.

அவருடைய முதல் சம்சாரத்திடமிருந்து வந்திருக்குமா என்று ஆசையாகக் கேட்டேன். டாக்டர் பேனாவை மூடினாள். "யாரு குடுத்தாங்கன்னு அப்புறம் தேடலாம் ஆன்ட்டி, மொதல்ல அங்கிள்கிட்ட சொல்லுங்க. என் பிளவுஸையும் மறந்துடாதீங்க."

போகாத கை

சொல்லவில்லை. தலைவலி, முதுகுவலி என்று ஒரு வாரம் ஓட்டினேன். அதற்குள் பாக்கியத்தின் மகள் மாலதி சிரம்பானிலிருந்து வந்தாள். தன் அம்மாவின் கல்யாண ரவிக்கையைக் கொடுத்து, தீபாவளிக்குப் போட வேண்டும், பக்கத்தில் கொஞ்சம் பிரித்து விடுங்கள் சித்தி என்றாள். கிராணி கடைக்குப் போன நேரத்தில் நான் என்ன செய்தேன் தெரியுமா? கதவைச் சாத்திவிட்டு அதைப் போட்டுப் பார்த்தேன். கை முழங்கைக்கு மேல் ஏறவில்லை. அப்படி ஒரு மெல்லிய கை அவளுக்கு. வியர்வையோடு அதைக் கழற்றுவதற்குள் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்புறம் பயம் பிடித்தது. துணியால் ஒட்டாது என்று டாக்டர் சொல்லியிருந்தும் மனசு கேட்கவில்லை. கிருமிநாசினியில் ஊறவைத்து, துவைத்து, நிழலில் உலர்த்தி, பிரிக்க வேண்டியதைப் பிரித்து, இஸ்திரி போட்டு வைத்தேன். வேலை சுத்தமாக இருந்தது. மாலதி வந்து வாங்கியதும் அளவைப் பார்க்கவில்லை. ரவிக்கையை முகத்தில் வைத்து மோந்து பார்த்தாள். "அம்மா வாசனை போயிடுச்சே சித்தி, இதை ஏன் தொவைச்சீங்க?"

சீதனம்

டாக்டர் சந்தேகப்பட்டதுதான் என்று பரிசோதனை முடிவு வந்த அன்று, கிராணி கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி ஊக்கு தைத்துக்கொண்டிருந்தார். எப்படி ஆரம்பிக்கலாம் என்று ஒரு வாரம் யோசித்து வைத்ததெல்லாம் மறந்து, "உங்க பாக்கியம் எனக்குச் சீதனம் விட்டுட்டுப் போயிருக்கா" என்று கொட்டிவிட்டேன். வியாதியின் பேர், எப்படி வரும், எங்கே வந்திருக்கிறது, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கோபப்படுவார், நாலு வார்த்தை திட்டுவார், நானும் இரண்டு வருஷமாகச் சேர்த்து வைத்ததைத் திருப்பிக் கொடுக்கலாம் என்று இருந்தேன்.

அவர் ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு எழுந்து சட்டையை மாட்டினார். தானும் ரத்தம் கொடுத்துப் பார்க்கப் போவதாகச் சொன்னார். இதில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டேன். எஸ்டேட்டில் தினமும் வேலைக்கு வந்தவர்களின் பேரைப் பதிகிற செக்ரோல் அவர் கையில்தான் இருந்ததாம். "ஆளு நேர்ல வந்ததைப் பார்க்காம நான் செக்ரோல்ல பேரு எழுதினதில்ல இந்திராணி, பாக்கியம் பேரை மட்டும் எப்படி எழுதுவேன்?"

இரண்டு பக்கமும் ஊக்கு

அவர் ரத்தத்தில் ஒன்றும் இல்லை. அப்படியென்றால் இது என்னிடமே இருந்த பழசாகத்தான் இருக்கும் என்றாள் டாக்டர். அப்போதுதான் மண்டையில் ஏறியது. வேலு கெமாஸுக்கு லோரி கொண்டு போவார், இரண்டு மூன்று நாள் தங்கிவிட்டு வருவார். மற்ற டிரைவர்களின் மனைவிகள் என்னைப் பார்த்து ஒரு மாதிரி சிரிப்பார்கள். முப்பத்தைந்து வயதில் ஒரு தடவை இதே போல எரிந்தது; நீர்க்கடுப்பு என்று பார்லித் தண்ணீர் குடித்துவிட்டுப் பேசாமல் இருந்தேன். தெரிந்துகொள்ள எனக்கு விருப்பம் இருக்கவில்லை. பாக்கியத்தின் படத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. பாருங்கள், இதில்கூட அவள் என்னைத் தோற்கடித்துவிட்டாள்.

கிராணி அன்றே தலையணையை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போய்விட்டார். சாப்பிட்டார், ஊக்கு தைத்தார், பேசவில்லை. அருவருப்புத்தான் என்று நினைத்தேன். தீபாவளி ஓர்டரை முடித்துவிட்டு மிஷினை ஏற்றிக்கொண்டு ராசாவுக்கே திரும்ப வேண்டியதுதான் என்று மனசைத் தயார் செய்தேன். ஐம்பத்தொன்பது வயதில் வந்த ஒரு துணை இரண்டு வருஷத்தில் முடியப் போகிறதே என்று, மிஷின் சத்தத்தில் கேட்காதபடி அழுதேன். அவர் பேசாமல் ஊக்கு தைத்துக் கொடுத்த இன்னொரு ரவிக்கையை வாங்கிப்போன லெட்சுமி அக்கா, மறுநாளே அதோடு வந்து நின்றாள். ஊக்கு மாட்டுகிற வளையம் ஒன்றையும் காணோம். "ரெண்டு பக்கமும் ஊக்காவே தச்சு வச்சிருக்காரு உங்க வீட்டுக்காரரு, யாரு யாரை மாட்டறதுலா?"

பாவாடை நாடா

தீபாவளி போனது. ராசாவுக்கு நாளை, நாளை மறுநாள் என்று தள்ளிக்கொண்டிருந்தபோது ஒரு காலையில் திரும்பவும் குறுகுறுத்தது. இடுப்புக்குக் கீழே எது கடித்தாலும் எனக்கு அந்தப் பயம்தான். மாத்திரைப் பட்டையைத் தேடி ஹாலில் நான் தவித்ததைப் பார்த்து, கிராணி ஒன்றும் கேட்காமல் காரை எடுத்தார். கல்யாணம் முடிந்து வேலைக்குத் திரும்பியிருந்த டாக்டர் பார்த்துவிட்டுச் சிரித்தாள். பாவாடை நாடாவை இறுக்கிக் கட்டியதில் வந்த வேர்க்குருவாம்.

திரும்பும் வழியில், செம்பனை மரங்களுக்கு நடுவே என்னால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. "என்னைப் பார்த்தா அருவருப்பா இருந்தா சொல்லிடுங்க, நான் போயிடறேன்" என்றேன். அவர் காரை ஓரமாக நிறுத்தினார். அருவருப்பா, என்று என்னையே திருப்பிக் கேட்டார். வேலுவோடு எத்தனை வருஷம் இருந்தாய் என்றார். இருபத்திரண்டு என்றேன். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். காது மடல் சிவந்திருந்தது. "செத்துப் பதினெட்டு வருஷமாச்சு, அந்த ஆளு இன்னும் உன் ஒடம்புக்குள்ள குடியிருக்கான்; நான் ரெண்டு வருஷமா வாசல்லயே நிக்கிறேன். எனக்கு வயிறு எரியாதா இந்திராணி?"

என்னை வைத்து ஒரு ஆம்பளை பொறாமைப்பட்டது என் ஆயுசில் அதுதான் முதல் தடவை. அன்றைக்கே தலையணை அறைக்குத் திரும்பிவிட்டது. டாக்டர் சொன்ன கட்டுப்பாடுகளை இரண்டு பேரும் ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறோம்.

கொப்புளம் பத்து நாளில் ஆறிவிட்டது, அவருடைய வயிற்றெரிச்சல்தான் இன்னும் ஆறவில்லை, அதற்கு மருந்து போடுகிற எண்ணமும் எனக்கு இல்லை.