ஒரு சாண் குறைந்த காம்பு

அப்பாவுக்கு லீவு கிடைத்துவிட்டது என்று ஐந்தாம் வகுப்பில் நான் எல்லோரிடமும் பெருமையடித்திருந்தேன். சுரங்கக் கம்பெனி குவார்ட்டர்ஸ் பிள்ளைகளின் அப்பாக்கள் பர்மனெண்ட்; லீவு அவர்களுக்குத்தான் உண்டு. எங்கள் அப்பா சுரங்க ஓரம் வாய்க்கால் வெட்டும் கான்ட்ராக்ட் ஆள். ஆனாலும் இடுப்பு பிடித்துக்கொண்டு இருபது நாளாக அவர் கயிற்றுக் கட்டிலில் கிடந்தது எனக்கு லீவாகத்தான் தெரிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மேஸ்திரி வந்தார். சைக்கிளைவிட்டு இறங்காமல் ஒற்றைக் காலை ஊன்றிக்கொண்டே பேசினார்.

"நாளைக்கு ஒங்க வூட்டு மம்முட்டி அங்க வந்து நிக்கணும்பா. இல்லன்னா எடத்த வேற ஆளுக்குக் குடுத்துடுவேன். அப்புறம் என்னக் கேக்காத."

லீவு முடிந்தது என்று எனக்கு வருத்தம். மண் வெட்டும் அந்த மம்முட்டியின் இரும்பு நன்றாக இருந்தது. காம்புதான் பிளந்து உதவாமல் போயிருந்தது. கம்மாபுரத்து மாமா போன வருஷம் கொடுத்த கருவேலங்கழி ஒன்று கூரையில் செருகிக் காய்ந்துகொண்டிருந்தது. அப்பா அதை எடுத்துத் தரச் சொன்னார்.

உட்கார்ந்தபடியே செதுக்கினார். நாலு கொத்து கொத்துவார், சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வார், மறுபடியும் கொத்துவார். பார்க்கிற எனக்கே அலுப்பாக இருந்தது. பழைய காம்பு என் நெஞ்சு வரை வரும். அதைக் கழியின் பக்கத்தில் வைத்து அளவு காட்டினேன். அவர் அதைப் பார்த்துவிட்டு, ஒரு சாண் கீழே ரம்பத்தை வைத்து அறுத்துவிட்டார்.

"என்னாப்பா, இம்மாங் குட்டையா அறுத்துட்ட" என்று சிரித்தேன்.

"கை தவறிப் போச்சி பாப்பா."

அறுபட்ட துண்டு எனக்கு லாபம். இரண்டு முனையும் சீவி கில்லி செய்து தரச் சொன்னேன். அந்த இடுப்பு வலியோடு அதையும் செய்து கொடுத்தார்.

பிறகு கண்ணாடிச் சில்லால் காம்பை மழமழவென்று சுரண்டி, இரும்பில் நுழைத்து ஆப்பு அடித்தார். அம்மாவைக் கூப்பிட்டுக் கையில் கொடுத்தார். அவரால் குனிய முடியாது, அதனால் அம்மா சோதித்துப் பார்க்கிறாள் என்று நினைத்தேன். அம்மா குனிந்து இரண்டு முறை தரையைக் கொத்தினாள். அப்பா மம்முட்டியைப் பார்க்கவில்லை, அவள் விரல்களைத்தான் பார்த்தார். திரும்ப வாங்கி, பிடிக்கிற இடத்தில் இன்னும் கொஞ்சம் மெலிதாகச் சுரண்டினார்.

"போதுங்க" என்றாள் அம்மா.

திங்கட்கிழமை காலை அப்பாவின் சட்டையைப் புடவைக்கு மேல் போட்டுக்கொண்டு, மம்முட்டியைத் தோளில் வைத்து அம்மா கிளம்பினாள். எப்படியோ லீவு நீண்டுவிட்டது என்று எனக்கு ஒரே சந்தோஷம். நான் தெருவில் கில்லி ஆடினேன். அப்பா அதற்குப் பிறகு வேலைக்குப் போகவே இல்லை.

அளவெடுக்கத் தெரியாத அப்பா என்று வருகிற விருந்தாளிகளிடமெல்லாம் அந்தக் கதையைச் சொல்லிச் சிரிப்பேன். அப்பாவும் கூடவே சிரிப்பார். அம்மா மட்டும் அடுப்படிக்குப் போய்விடுவாள்.

பத்தாவது முடித்த வருஷம் நான் அம்மா உயரத்துக்கு வளர்ந்திருந்தேன். வாசலில் மழைத்தண்ணீருக்கு வழிவெட்ட முதன்முதலாக அந்த மம்முட்டியைப் பிடித்துக் குனிந்தேன். தைத்துப் போட்ட ரவிக்கை மாதிரி சரியாக இருந்தது. அம்மாவுக்கென்று அளவு பார்த்துத்தான் அறுத்திருக்கிறார். அவர் மெலிதாகச் சுரண்டிய இடத்தைத் தடவிப் பார்த்தேன்.

"என்னா பாப்பா, குட்டையா இருக்குதா?" என்று கட்டிலிலிருந்து சிரித்துக்கொண்டே கேட்டார் அப்பா.

குட்டையாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, மண்ணைப் பார்த்துக் கொத்த ஆரம்பித்தேன்.