உருண்டுபோன எலுமிச்சை

பெரியம்மா மகள் அந்தக் கோடை விடுமுறைக்குச் சேலம் ஃபேர்லேண்ட்ஸிலிருந்து ராசிபுரத்தில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்தபோது, ஒரு பை துணியும் தலையணை கனத்தில் சில ஆங்கிலப் புத்தகங்களும் கொண்டுவந்தாள். அக்காவுக்குப் பதின்மூன்று வயது, எனக்கு ஒன்பது. புத்தகங்களை நான் தொடக் கூடாது; அவள் சொல்லும் கதையை மட்டும் கேட்கலாம். கேட்காமல் இருக்கத்தான் முடியாது.

அவையெல்லாம் ‘எபிக் ஃபேன்டஸி’ என்றாள். பேய் வந்தால் பேய்க்கதை, ராஜா வந்தால் ராஜா கதை, அவ்வளவுதானே என்றேன். என் அறியாமையை மன்னித்து விளக்கினாள். பேய்க்கதை நம் தெருவிலேயே நடந்து முடிந்துவிடும். ராஜா கதைக்கு ஒரு நாடு போதும். இதற்கோ தனியாக ஓர் உலகமே வேண்டும். முதல் பக்கத்திலேயே அதன் வரைபடம் இருக்கும். அந்த உலகத்துக்கென்று சட்டங்கள் உண்டு, எழுதினவரே நினைத்தாலும் அவற்றை மீற முடியாது. வருகிற ஆபத்து உலகம் முழுவதையும் விழுங்கப் பார்க்கும். அதைத் தடுக்கப் போகிறவன் வீராதிவீரனாக இருக்கமாட்டான். யாரும் சட்டை செய்யாத ஒரு சின்ன ஆள், யாரும் மதிக்காத ஒரு சின்னப் பொருளைத் தூக்கிக்கொண்டு வெகுதூரம் போவான். இவை இல்லாமல் மாயம் மட்டும் இருந்தால் அது சும்மா மந்திரக் கதை. எங்கள் ஊரில் அப்படியெல்லாம் எதுவும் நடக்காது என்பதில் அவளுக்குத் துளியும் சந்தேகம் இல்லை.

அப்பாவுக்குச் சொந்தமாக ஒரே ஒரு லாரி. ஓட்டுவதும் அவர்தான். எஃப்.சி. என்கிற தகுதிச் சோதனை முடித்து, புதுப் பெயின்ட் வாசனையோடு அது முதல் நடை கிளம்பிய காலை அது. ஆத்தூர் சேகோ ஃபேக்டரியில் ஜவ்வரிசி மூட்டை ஏற்றிக்கொண்டு நாக்பூர் போக வேண்டும். அம்மா கற்பூரம் காட்டி, டயர்களுக்கு முன்னால் எலுமிச்சம்பழம் வைத்தாள். “இதெல்லாம் உங்கம்மாவுக்காகத்தான் சாமி” என்று அப்பா என்னைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு ஏறி உட்கார்ந்தார்.

வண்டி நகர்ந்தது. மற்றப் பழங்கள் நசுங்கின. இடப்பக்க முன் டயருக்கு வைத்த பழம் மட்டும் வழுக்கி உருண்டு, சாக்கடை ஓரத்தில் முழுசாகக் கிடந்தது. அம்மா அதற்குள் தட்டோடு உள்ளே திரும்பியிருந்தாள். பார்த்தது நாங்கள் இருவர்தான்.

கத்தியிருக்கலாமே என்று கேட்பீர்கள். லாரி வைத்திருக்கிற வீடுகளில், கிளம்பின வண்டியைப் பின்னாலிருந்து கூப்பிடமாட்டார்கள். ஒருமுறை அப்பா சாப்பாட்டுத் தூக்கையே விட்டுவிட்டுப் போனபோதுகூட அம்மா வாயைப் பொத்திக்கொண்டுதான் நின்றாள். நானும் அப்படியே நின்றேன். லாரி திருப்பத்தில் மறைந்த பிறகுதான் அழுகை வந்தது. அப்பா இனி திரும்பி வரமாட்டார் என்றே நினைத்துவிட்டேன்.

அக்கா பழத்தைப் பொறுக்கித் துடைத்தாள். அவள் முகமே மாறிவிட்டது.

“மீறவே முடியாத சட்டம். ஒரு சின்னப் பொருள். ஏய், இது அதுதான்டி!”

“அப்பாவுக்குப் போன் பண்ணிச் சொல்லிரலாங்க்கா.”

“போன் பண்ணுனாலும் பின்னால இருந்து கூப்புடறதுதான், லூசு.”

அன்று முழுவதும் நான் சொன்ன ஒரே உருப்படியான யோசனை அப்படி அடிபட்டுப் போனது. அம்மாவிடம் சொன்னால், வண்டி நாக்பூர் போய்ச் சேரும்வரை அவளுக்குச் சோறு இறங்காது. ஆகவே ஒரே வழிதான்: ஆத்தூருக்கே போய், லாரிக்கு எதிரில் நிற்க வேண்டும். லோடு ஏறச் சாயங்காலம் ஆகிவிடும் என்று அம்மா சொல்லியிருந்தாள். நூலகத்துக்குப் போகிறோம் என்று அவளிடம் சொல்லிவிட்டு ஆத்தூர் பஸ் ஏறினோம். அக்கா படித்த கதைகளில் எல்லாரும் நடந்துதான் போவார்களாம். அதை மட்டும் பெரிய மனது பண்ணித் தளர்த்தினாள்.

பழம் என் கைக்குள்ளேயே இருந்தது. பக்கத்து சீட்டு அம்மாள் என் முகத்தையும் பழத்தையும் பார்த்தார். “வாந்தி வருதா கண்ணு? அப்படியே வெச்சிருந்தா எப்படி, கீறி மோந்து பாரு” என்று பிடுங்கி நகத்தால் கீறப் போனார். நான் போட்ட கூச்சலில் கண்டக்டரே திரும்பிவிட்டார். எதிரி எந்த வேஷத்திலும் வருவான் என்று அக்கா என் காதில் சொன்னாள். பாவம், அந்த அம்மாள் எனக்கு ஜன்னலோர இடத்தைக் கொடுத்தார்.

ஃபேக்டரி வாசலில் இறங்கும்போதே கிழங்கு மாவின் புளித்த வாடை அடித்தது. உள்ளே எங்கள் லாரி நின்றது. தார்ப்பாய் போட்டுக் கயிறு இழுத்துக் கட்டி, கிளம்பத் தயாராக நின்றது. எனக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. பின்னால் போகாமல் சுவர் ஓரமாகச் சுற்றி முன்பக்கம் ஓடினோம்.

“யாரு, டிரைவர் மகளா?” என்றார் மூட்டை தூக்குகிறவர். “லோடு பத்து மணிக்கே ஏறிப்போச்சு பாப்பா. உங்கப்பாதான் இதோ போறேன், இதோ போறேன்னு உக்காந்துட்டே இருக்காரு.”

அப்பா தண்ணீர்த் தொட்டி மேல் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்தார். பழம் இருந்த கையை விரித்துக் காட்டினேன். எப்படி வந்தீர்கள், யாரோடு வந்தீர்கள் என்று அவர் ஒன்றும் கேட்கவில்லை. பழத்தை வாங்கினார். எந்த டயர் என்று நான் சொல்ல வாயெடுப்பதற்குள், நேராக இடப்பக்க முன் டயரிடம் போய்க் குனிந்து வைத்தார். உருளாமல் இரண்டு பக்கமும் கல் வேறு வைத்தார். எங்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.

பழம் நசுங்கியது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அப்பா இறங்கி வந்து துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். பிறகுதான் திட்டவே ஆரம்பித்தார். போனில் அம்மா திட்டியது மூட்டை தூக்குகிறவருக்கும் கேட்டிருக்கும்.

போகிற வழியில் சேலம் பைபாஸில் எங்களைப் பெரியப்பாவிடம் இறக்கிவிடுவதாக ஏற்பாடு. கேபினில் ஆளுக்கொரு பன்னோடு உட்கார்ந்திருந்தோம். அக்காவுக்கு மனக்குறை. வில்லன் இல்லை, போர் இல்லை, உலகமும் அழியப் பார்க்கவில்லை, இதை எபிக்கில் சேர்க்க முடியாது என்றாள். எனக்கு எதில் சேர்ந்தால் என்ன? அப்பா பத்திரம். பன் இனிப்பாக இருந்தது.

“நாங்க வராட்டி என்னங்கப்பா பண்ணியிருப்பீங்க?” என்று கேட்டேன்.

“அங்கயேதான் உக்காந்திருப்பேன் சாமி” என்றார்.

நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். நாக்பூருக்கே தனியாக வண்டி ஓட்டுகிற மனிதர், ஓர் எலுமிச்சம்பழத்துக்காக உட்கார்ந்திருப்பாராம்! அப்பாவும் எங்களோடு சேர்ந்து சிரித்தார், கொஞ்சம் தாமதமாக.