4719 வராமல் இருக்கணும்

பேச்சியம்மாள் கடை முன்னால் வந்து நின்றபோது நான் இட்லிப் பொட்டலத்தைக்கூடப் பிரிக்கவில்லை. தலையில் சும்மாடு அப்படியே இருந்தது. கட்டட வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருக்கிறாள்.

"ஏ செல்வி, இன்னைக்கு எங்க வீட்டு ஆளுக்கு நீ சீட்டு குடுத்தேன்னா, இந்தக் கடை வாசல்லயே ஒக்காந்துருவேன் பாத்துக்க," என்றாள்.

சொன்னால் செய்கிறவள். குலுக்கல் நாளன்று கடை வாசலில் ஒரு பெண் உட்கார்ந்து அழுதால் யார் சீட்டு வாங்குவார்கள்? எனக்குக் கோபம் வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் அந்தக் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

மலையாள நாட்டில், பழவங்காடிப் பிள்ளையார் கோயிலுக்கு எதிர்வரிசையில் லாட்டரி கவுண்டரில் பல வருஷம் உட்கார்ந்தவள் நான். சொந்த ஊர் மார்த்தாண்டம் பக்கம். நான் சொல்வது தொண்ணூறுகளின் நடுவில். கோயிலில் தேங்காய் உடைத்துவிட்டு ஈரக்கையோடு சீட்டு எடுக்க வருவார்கள். மேலே இருக்கும் சீட்டை ஒருவரும் தொட மாட்டார்கள். சீட்டுக்கட்டை விசிறி மாதிரி விரித்துப் பிடிக்க வேண்டும். நடுவில் விரலை விட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை உருவுவார்கள். மற்ற சீட்டெல்லாம் நனைந்துபோகும். "கையைத் தொடச்சிட்டு வாங்க, சாமி ஒண்ணும் கோவிச்சுக்கமாட்டாரு" என்று நாள் முழுக்கக் கத்துவேன்.

கொத்தனாரும் அவர் நம்பரும்

பேச்சியம்மாளின் புருஷன் முத்துக்குட்டி அண்ணாச்சி கொத்தனார். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். தங்கமான மனுஷர். ஆனால் ஒரு நம்பர் அவரைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது.

இந்த ஊருக்கு வந்த புதிதில், கடைசி நாலு இலக்கம் 4719 என்று இருந்த ஒரு சீட்டை என் சீட்டுக்கட்டிலிருந்து உருவினார். பார்த்தார், பிடிக்கவில்லை. திருப்பிச் செருகிவிட்டு வேறொன்றை எடுத்துக்கொண்டு போனார். அந்த வாரம் 4719க்குப் பரிசு விழுந்தது. அன்று முதல் வாராவாரம் அதே நம்பர்தான். என் சீட்டுக்கட்டில் இல்லாவிட்டால் தம்பானூர் கடைக்கு ஓடி, எங்கள் சீட்டு ஒன்றைக் கொடுத்து அதை மாற்றிக்கொண்டு வருவேன். பழைய வாடிக்கைக்காரர்களுக்காகக் கடைகள் இப்படி மாற்றிக்கொள்வது எங்கள் தொழிலில் சாதாரணம்.

"நீங்க ஊருக்குப் போனா நான் எடுத்து வைக்கேன் அண்ணாச்சி" என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன்.

"என் கையாலதான தங்கச்சி திருப்பி வச்சேன். என் கையாலதான் எடுக்கணும்," என்பார்.

அதனால் குலுக்கல் நாளில் அவர் ஊரை விட்டு நகர்ந்ததே இல்லை. ஊர்க் கோயில் கொடைக்குப் போகவில்லை. கொழுந்தியாள் கல்யாணத்துக்குப் போகவில்லை. இப்போது ஊரில் ஒரே மகள் இசக்கிக்குத் தலைப்பிரசவம். மருமகன் பம்பாயில். பக்கத்து எஸ்.டி.டி. பூத்துக்கு முந்தின நாள்தான் போன் வந்திருந்தது. ரெண்டு மூணு நாளில் வலி எடுக்கலாம், அம்மாவும் அப்பாவும் வந்து ஒரு மாதமாவது கூட இருக்க வேண்டும் என்று.

"ஒரு மாசம்னா நாலு குலுக்கல் போயிருமாம். வரமாட்டேங்காரு," என்றாள் பேச்சியம்மாள். "பிள்ள அங்க அப்பா அப்பான்னு கெடக்கு. இவரு இங்க சீட்டுக்குக் காவல் இருக்காரு. இன்னைக்கு சாயங்கால பஸ்சுக்கு நான் போறேன். அவரு வரலன்னா பெறகு அந்த மூஞ்சியில முழிக்கமாட்டேன்."

வாங்காதீங்க என்று சொன்ன அன்று

அண்ணாச்சி வந்தார். பெண்டாட்டியைப் பார்த்ததும் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். கை மட்டும் வழக்கம்போல் கட்டைத் தேடி நீண்டது.

நான் கட்டை மடியில் வைத்துக்கொண்டேன். "அண்ணாச்சி, ஒரு கணக்கு சொல்லுதேன். நாலு இலக்கத்துல பத்தாயிரம் நம்பர் இருக்கு. அதுல ஒண்ணுதான் ஒங்க நம்பர். அஞ்சாறு தடவ சக்கரத்தச் சுத்தினாலும் மிச்சம் ஒம்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துச் சொச்சம் வராத பக்கந்தான். இத்தன வருஷமா நீங்க இந்தப் பக்கம் ஒத்தைக்கு நிக்கீங்க. இன்னைக்கு ஒரு நாள் அந்தப் பக்கம் போய் நில்லுங்க."

"எடுக்காத அன்னைக்குப் பாத்துத்தான் தங்கச்சி வரும். அது என்னயே பாத்துக்கிட்டு இருக்கு."

"பாக்கதுக்கு அதுக்குக் கண்ணா இருக்கு?"

உள்ளே இருந்த முதலாளி எட்டிப் பார்த்தார். மலையாளி, நாங்கள் சேட்டன் என்று கூப்பிடுவோம். "எடீ செல்வீ, நீ நம்ம கச்சவடம் பூட்டிக்குமோ?" என்றார். வியாபாரத்தையே இழுத்து மூட வைத்துவிடுவாயா என்று கேட்கிறாராம். நியாயமான கேள்விதான்.

அந்த நேரம் பார்த்து, ஈரக்கையோடு ஒரு லாரி டிரைவர் வந்தார். நான் கட்டை விரித்தேன். அவர் உருவியது 4719. அண்ணாச்சி அந்தச் சீட்டு டிரைவரின் சட்டைப் பைக்குள் போவதைப் பார்த்தார், பெண்ணைக் கட்டிக்கொடுத்த தகப்பன் மாதிரி. பிடுங்கிவிடுவாரோ என்று எனக்குப் பயம்தான். டிரைவர் தெரு திரும்பும்வரை பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு, "குலுக்கலையாவது பாத்துட்டு வாரேன், பாக்காம என்னால பஸ் ஏற முடியாது," என்றார்.

சேட்டன் கல்லாவில் வந்து உட்கார்ந்தார். "நீயும் கூடப் போ. அந்த மனுஷன் தலை சுத்தி விழும். இவிட ஞான் இருக்காம்."

குலுக்கல் நடக்கும் மண்டபத்தில் கடைசி வரிசையில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். மேடையில் இலக்கச் சக்கரங்கள். சுற்றி இருந்த எல்லாரும் தங்கள் நம்பர் வரவேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு நம்பர் வராமல் இருக்கணும் என்று வேண்டியவர்கள் நாங்கள் மூவர்தான். லாட்டரி விற்றுச் சோறு தின்கிற நான், பிள்ளையாரப்பா, இது மட்டும் வரக்கூடாது, தேங்காய் உடைக்கிறேன் என்று நேர்ந்துகொண்டேன்.

கடைசிப் பரிசுகளுக்கு நாலு இலக்க நம்பர்கள் சுற்ற ஆரம்பித்தன. முதலில் ஏதோ ஒன்று. அடுத்தது ஏதோ ஒன்று. பிறகு முதல் சக்கரம் நின்றது. நாலு. பேச்சியம்மாள் என் கையைப் பிடித்தாள். அடுத்த சக்கரம். ஏழு. சாந்து சுமந்து காய்த்துப்போன கை, என் வளையலே நெளிந்தது. அண்ணாச்சி எழுந்து நின்றுவிட்டார். மூன்றாவது சக்கரம் ஒன்றில் நிற்கிற மாதிரி வந்து, நகர்ந்து, மூன்றில் நின்றது.

அதற்கப்புறமும் சில நம்பர்கள் சுற்றினார்கள். ஒன்றும் பக்கத்தில்கூட வரவில்லை. எல்லாம் முடிந்ததும் அண்ணாச்சி, "வரல, வரல," என்று பெண்டாட்டி தோளைப் பிடித்து உலுக்கினார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. முன்வரிசைக்காரர் திரும்பி, "எத்ரயா அடிச்சது?" என்று பிரைஸ் தொகையைக் கேட்டார். "ஒண்ணும் விழல சார்," என்று அண்ணாச்சி சிரித்தார். அந்த ஆள் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

சாயங்காலம் தென்காசி பஸ்சில் இரண்டு பேரையும் நான்தான் ஏற்றிவிட்டேன்.

அவர் திரும்பி வந்தபோது

அவர் போன பிறகு நோய் எனக்குத் தொற்றிக்கொண்டது. ஒவ்வொரு வாரமும் ரிசல்ட் வந்ததும் என் கண் முதலில் 4719ஐத்தான் தேடும். வந்திருந்தால் அந்த மனுஷனுக்கு என்ன பதில் சொல்வது? நானே கெடுத்தேன் என்று ஆகிவிடுமே.

ஒரு மாதத்துக்கு மேல் கழித்து வந்தார். நம்பரைப் பற்றிக் கேட்பார் என்று, சொல்ல வேண்டிய வார்த்தைகளை மனசுக்குள் அடுக்கிக்கொண்டேன். பேத்தியாம். ராத்திரியெல்லாம் முழித்திருந்து பகலில் தூங்குகிறாளாம். இசக்கி வலியில் இவர் கையைத்தான் பிடித்துக்கொண்டாளாம். ஆஸ்பத்திரியில் நர்ஸ் முதலில் இவர் கையில்தான் கொடுத்தாளாம். "காத மட்டும் பாக்கணும் தங்கச்சி, எங்க அம்மையோட காது." இதையே மூன்று தடவை சொன்னார். என் கையில் சீட்டுக்கட்டு விரித்தபடியே இருந்தது. சித்தாள்கள் காத்திருப்பார்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கவுண்டரில் உட்காரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். பரிசு விழுந்தவர்களைப் பார்த்திருக்கிறேன், அவர்களுக்கு லட்டும் கொடுத்திருக்கிறேன். அன்று அந்தக் கொத்தனார் முகத்தில் இருந்த சந்தோஷம் அவர்களில் ஒருவரிடமும் இல்லை. வராத பக்கம் நின்று ஜெயித்தவர் எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான்.

அந்த மாதத்தில் 4719 வந்ததா என்று நீங்கள் கேட்பீர்கள். அவரே கேட்கவில்லை.